மின்கம்பம் எட்டாத தோப்பு வீட்டுக்குச் சூரிய மின்சாரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மலையடிவாரத்தில் எங்களுக்கு மாந்தோப்பும் அதற்குள் ஓர் ஓட்டு வீடும் உள்ளன. மின்கம்பம் வெகு தொலைவிலேயே நின்றுவிட்டது. நான்கு எல்.இ.டி. விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு டி.வி., சிறிய ஃபிரிட்ஜ், செல்போன் சார்ஜ் ஆகியவற்றுக்கு ஒரு கிலோவாட் பேனலும் 150 ஏ.எச். பேட்டரி இரண்டும் தாராளமாகப் போதும் என்கிறார் விற்பனையாளர். நம்பி வாங்கலாமா? கிணற்று மோட்டாரையும் இதிலேயே ஓட்ட முடியுமா?
– வாசகி, ஒடுகத்தூர்

பதில்: பேனல் எத்தனை கிலோவாட் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்காதீர்கள், சூரியன் மறைந்தது முதல் மறுநாள் வெயில் ஏறும் வரை உங்கள் வீட்டுக்கு எத்தனை யூனிட் வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். பேனல் இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். பேட்டரியோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டிய செலவு. ஆகவே பேட்டரியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணித்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 75 வாட் இழுக்கும் சாதாரண மின்விசிறிகள் இரண்டு இரவில் பத்து மணி நேரம் சுழன்றால், அவை மட்டுமே ஒன்றரை யூனிட் தின்றுவிடும். விளக்கு, டி.வி., செல்போன், ஃபிரிட்ஜின் இரவுப் பங்கு ஆகியவற்றைச் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 2.3 யூனிட் ஆகிறது. மின்விசிறிகளை மட்டும் குறைந்த மின்சாரத்தில் சுழலும் 30 வாட் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் இதே இரவு 1.4 யூனிட்டில் முடிந்துவிடும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஆகும் செலவு, கூடுதல் பேட்டரிக்கு ஆகும் செலவின் அருகில்கூட வராது.

இப்போது விற்பனையாளர் சொன்ன பேட்டரியைப் பார்ப்போம். ஏ.எச். என்பது ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு; அதை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி, ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரிகள் இரண்டு சேர்ந்தால் ஏட்டளவில் 3.6 யூனிட். ஆனால் வழக்கமாக விற்கப்படும், தண்ணீர் ஊற்றும் ஈய-அமில வகையான டியூபுலர் பேட்டரியைப் பாதிக்கு மேல் தினமும் வடித்தால் அதன் ஆயுள் வெகுவாகக் குறையும். பாதியை எடுத்து இன்வெர்ட்டரின் இழப்பையும் கழித்தால் கைக்கு வருவது சுமார் ஒன்றரை யூனிட்தான். அதாவது பி.எல்.டி.சி. மின்விசிறியோடு ஓர் இரவை மட்டுமே இது தாங்கும். பழைய மின்விசிறியோடு அந்த ஓர் இரவையும் தாங்காது. வாங்குவதற்கு முன் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள தாளில் 150 ஏ.எச். என்பதை அடுத்து சி10 என்று இருக்கிறதா, சி20 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பத்து மணி நேரத்தில் முழுக் கொள்ளளவையும் தருவது சி10. இருபது மணி நேரம் மெல்ல வடித்தால் மட்டுமே அதைத் தருவது சி20. சி20 பேட்டரியை ஒரே இரவில் வடிக்கும்போது எழுதியுள்ள அளவு கிடைக்காது. சோலாருக்கு உரியது சி10.

நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மாலையில் இடியோடு கொட்டிவிட்டுப் போய்விடும். பகல் வெயில் அதிகம் கெடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும்போதுதான் இரண்டு, மூன்று நாள் வானம் மூடிக்கிடக்கும். சோதனை அப்போதுதான். தெளிந்த நாளில் ஒரு கிலோவாட் பேனல் நான்கு யூனிட் வரை தரும்; மூட்டமான நாளில் அதில் சிறு பங்குதான் வரும். எனவே இரண்டு இரவுக்குச் சேமிப்பும், ஒன்றரை கிலோவாட் பேனலும் வையுங்கள் என்பதே என் கருத்து. டியூபுலர் என்றால் மேற்சொன்ன அளவில் நான்கு வேண்டும். லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் என்றால் 25.6 வோல்ட், 100 ஏ.எச். பேட்டரி இரண்டு போதும், ஏனெனில் அதில் எண்பது விழுக்காடு வரை பயமின்றி எடுக்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் உழைக்கும் காலமும் கூடுதல். தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. இன்வெர்ட்டரில் லித்தியத்துக்குரிய சார்ஜ் அமைப்பு இருக்கிறதா என்பதைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் நாளும் மூட்டம் நீடித்தால் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவதே நல்லது. அந்த ஒரு நாளுக்காகப் பேட்டரியை இரட்டிப்பாக்குவது வீண் செலவு.

மோட்டாரை இதில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். 5 எச்.பி. மோட்டாருக்கு ஏறத்தாழ 4,800 வாட் பேனல் தனியாக வேண்டும். அதற்குப் பேட்டரி தேவையில்லை: வெயில் இருக்கும்போது பேனலிலிருந்து நேராக மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டால், தொட்டித் தண்ணீரே உங்கள் சேமிப்பு. மின் இணைப்பு இல்லாத கிணறுகளுக்கு 7.5 எச்.பி. வரை சூரிய சக்தி பம்புசெட் அமைக்க பி.எம். குசும் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மானியம் தரப்பட்டுவந்தது; இப்போதைய நிலையை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். அயர்ன்பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றையும் பேட்டரியின் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியத்தோடு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். நண்பகல் வெயிலிலும் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. பழுதா?
– வாசகர், காட்பாடி

பதில்: பழுதில்லை. உங்களுடையது மின்வாரியக் கம்பியோடு இணைந்து மட்டுமே ஓடும் ஆன்கிரிட் வகை. மின்வாரியத்தின் கம்பியில் மின்சாரம் இல்லாதபோது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் அக்கம்பிக்குப் போனால், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது. அதை ஏமாற்றி ஓட்ட வழி சொல்பவர் யாராயினும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமென்றால், மின்வாரியக் கம்பியோடும் பேட்டரியோடும் இயங்கக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் சேர்த்து, விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் ஒயரிங்கை மட்டும் தனியாகப் பிரித்து அதன் பேக்கப் பக்கத்தில் இணைக்கச் சொல்லுங்கள். அமைத்துக் கொடுத்த நிறுவனத்தைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்; உத்தரவாதம் போய்விடலாம்.

கேள்வி: பேட்டரியை மாடியில் தகரக் கொட்டகையில் வைக்கலாமா? கத்திரி வெயிலில் உற்பத்தியும் குறைகிறதே, ஏன்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: தகரத்தின் கீழ் கூடவே கூடாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் டியூபுலர் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். கீழ்த்தளத்தில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அடைத்த அறையும் ஆகாது. பேனலும் சூட்டுக்கு இளைக்கும்: மே மாத நண்பகலில் அதன் மேற்பரப்பு 65 டிகிரியைத் தொட்டால் உற்பத்தியில் சுமார் ஏழில் ஒரு பங்கு குறையும். கூரைக்கும் பேனலுக்கும் இடையே காற்று புக இடைவெளி விட்டு, தெற்கு நோக்கி ஏறக்குறைய 13 டிகிரி சாய்வில் நிறுத்துங்கள். போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் படிந்து வெள்ளை பூத்துவிடும். பிடித்துவைத்த மழைநீரால், வெயில் ஏறுமுன் கழுவுங்கள்.