நர்சரியில் வாங்கிய செடி ஈர மண்ணிலேயே வாடுகிறது. வேரழுகலா? காப்பாற்ற முடியுமா?

வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத பீஸ் லில்லி, மண் ஈரமாக இருக்கும்போதே இலைகளைத் தொங்கப் போட்டுவிட்டது, கூடவே வாங்கிய ஸ்நேக் பிளான்ட்டின் அடிப்பகுதியும் மெத்தென்று இருக்கிறது, என்ன மருந்து ஊற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்குக் கடைசியில் வருகிறேன். இப்போதைக்கு இரண்டுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

பீஸ் லில்லி தாகம் எடுத்தாலும் தொங்கும், வேர் அழுகினாலும் தொங்கும். ஆள் ஏமாறுவது இங்கேதான். தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தாகம் என்றால் தொட்டி லேசாக இருக்கும். தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் இலைகள் எழுந்து நிற்கும். தொட்டி கனமாக இருக்கிறது, இலையும் எழவில்லை என்றால், இருக்கிற தண்ணீரை இழுக்க வேருக்குத் தெம்பில்லை. அந்த நேரத்தில் ஐயோ பாவம் என்று இன்னொரு குவளை ஊற்றினால் மிச்சமிருக்கும் வேரும் மூச்சுமுட்டிச் சாகும். வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரே தேங்கி நின்றால் முதலில் வேர் நுனி சாகிறது, செத்த இடத்தில் பூஞ்சைகள் ஏறிக்கொள்கின்றன.

புதுச் செடிக்கு இது ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது? நர்சரியில் அது பச்சை வலைக்குக் கீழே, நல்ல வெளிச்சத்திலும் காற்றிலும் இருந்தது. தினமும் ஊற்றினாலும் காய்ந்துவிடும். நம் வீட்டு ஹாலில், டிவி பக்கத்தில் வைத்தால் நர்சரியில் கிடைத்த வெளிச்சத்தில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். செடி குடிப்பது குறைந்துவிடும், நாம் ஊற்றுவது குறையாது.

இன்னொரு காரணம் தாய் மண். நம் ஊர் நர்சரிகளுக்கு வரும் செடிகளில் நிறைய, ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்தில் உள்ள கடியம் என்ற ஊரிலிருந்து லாரியில் வருபவை. அவற்றில் பலவற்றின் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கும். பயணத்தில் வேர் உடையாமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த உருண்டையை அப்படியே கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவைக்குள் வைத்து நட்டால், சுற்றிலும் உள்ள கலவை காய்ந்து, நடுவில் களிமண் நாட்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும். மேலே விரலை விட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி தெரியும், ஊற்றிவிடுவோம். திசு வளர்ப்பில், அதாவது ஆய்வகத்தில் வளர்த்து வரும் சில செடிகளில் இளம் நாற்றைச் சுற்றிய சின்ன வலைக்கூடையோ துணி உறையோ வேருக்கு நடுவில் இறுக்கிக்கொண்டிருக்கும், அதையும் பாருங்கள். அழகான பீங்கான் தொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள் என்றால் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பல தொட்டிகளில் இருக்காது.

சரி, இப்போது வேலை. பழைய செய்தித்தாளை விரித்து, தொட்டியைச் சாய்த்துத் தட்டி, செடியைத் தண்டோடு பிடித்து மெதுவாக உருவுங்கள். சாக்கடை வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம். களிமண்ணாக இருந்தால் இழுக்க வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள், தானாகக் கரையும். பிறகு குழாயடியில் லேசான தண்ணீரில் வேரைக் கழுவுங்கள்.

இப்போது ஒவ்வொரு வேராக விரலுக்கு நடுவில் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் விறைப்பாக நிற்கும். அழுகியது, ஒயரின் பிளாஸ்டிக் உறையை உருவியது போல மேல்தோல் கையோடு வந்து, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். நிறத்தை நம்பி வெட்டாதீர்கள். கோகோபீட்டில் வளர்ந்த வேர் கறை ஏறிப் பழுப்பாகத்தான் இருக்கும், ஸ்நேக் பிளான்ட்டின் வேர் இயல்பிலேயே ஆரஞ்சு நிறம். கை சொல்வதைக் கேளுங்கள், கண் சொல்வதை அல்ல.

கத்தரிக்கோலை மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, அழுகியதைத் தயவு பார்க்காமல் வெட்டுங்கள், நல்ல பகுதி தெரியும்வரை. ஒரு செடி முடிந்து அடுத்ததற்குப் போகுமுன் மறுபடி துடையுங்கள். பீஸ் லில்லியின் சாறு சிலருக்குக் கையில் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது. வேரில் பாதி போய்விட்டது என்றால் வெளிவட்டத்து மஞ்சள் இலைகளையும், மூத்த இலைகளில் சிலவற்றையும் எடுத்துவிடுங்கள். பூ இருந்தால் அதையும்தான். மனசு வராது, தெரியும்.

இங்கிருந்து இரண்டு செடிக்கும் வழி வேறு. பீஸ் லில்லியைக் காயவிடக் கூடாது, உடனே நடுங்கள். கோகோபீட்டைக் கழுவிப் பிழிந்து இரண்டு பங்கு, பெர்லைட்டோ (மண்ணில் கலக்கும் லேசான வெள்ளைக் கல்துகள்) பருமணலோ ஒரு பங்கு, ஒரு பிடி அடுப்புக்கரித் துண்டு போதும். தொட்டி, இருக்கிற வேரைவிட ஒரு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். வளரட்டுமே என்று பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கும், மறுபடி அதே கதை. அடியில் கூழாங்கல் பரப்புவதும் தேவையில்லாத வேலை; நுண்ணிய கலவைக்குள் இருக்கும் தண்ணீர் கல்லுக்குள் சட்டென்று இறங்காது, ஈரம் தங்கும் மட்டம்தான் வேருக்கு இன்னும் பக்கத்தில் வரும். நட்டதும் ஒரு முறை ஊற்றி வடியவிட்டு, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள்.

ஸ்நேக் பிளான்ட்டுக்கு நேர்மாறு. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு போன்ற தண்டைப் பாருங்கள். மெத்தென்ற இடத்தை உள்சதை வெளிறிச் சுத்தமாகத் தெரியும்வரை சீவி, வெட்டுவாய் காய நிழலில் சில நாட்கள் அப்படியே போட்டுவையுங்கள். ஒன்றும் ஆகாது, அது தண்ணீரை உடம்பிலேயே வைத்திருக்கும் செடி. பிறகு பாதிக்குப் பாதி மணலோ செங்கல் பொடியோ கலந்த உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். கிழங்கு முழுவதும் கூழாகிவிட்டால் இலையை அழுகலுக்கு மேலே வெட்டி, மூன்று நான்கு அங்குலத் துண்டுகளாக்கிக் காயவைத்து நடலாம். எந்த முனை கீழ் என்று அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள், தலைகீழாக நட்டால் வேர் விடாது. மஞ்சள் ஓரம் வைத்த ரகம் என்றால் இலைத் துண்டிலிருந்து வரும் குட்டிகள் வெறும் பச்சையாகத்தான் இருக்கும்.

மருந்து. உரக்கடையில் வேரழுகல் என்று சொன்னதும் பெரும்பாலும் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை எடுத்துத் தருவார்கள். ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வகைகளுக்கு அது வேலை செய்யும். ஆனால் ஈர மண்ணில் வேரைத் தின்பதில் பேர்போன பித்தியம், பைட்டாப்தோரா இரண்டும் பூஞ்சை போலத் தெரியும் வேறு நுண்ணுயிர்கள், உண்மையான பூஞ்சைகளே அல்ல, அவற்றை அது தொடாது. மெட்டலாக்ஸில் சேர்ந்த மருந்துதான் அவற்றுக்கு. வீட்டில் நுண்ணோக்கி வைத்துப் பார்க்கவா முடியும்? அதனால் என் வழி, வெட்டி, மண்ணை மாற்றி, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கலவையில் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்வது. அதையும் ரசாயன மருந்தையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், அது உயிருள்ள பூஞ்சை, செத்துப்போகும். தண்டு வரை ஏறிய அழுகல் என்றால் மட்டும் ரசாயனம், பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம், பால்கனியில் வைத்து ஊற்றுங்கள். வெட்டுவாயில் மஞ்சள் தூள் தடவுவது பாட்டி காலத்துப் பழக்கம், தடவினால் கெடுதல் இல்லை, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

உரம், பஞ்சகவ்யா, எப்சம் உப்பு எதுவும் இப்போது கிடையாது. புது இலை ஒன்று சுருள் விரிந்து வரும்வரை காத்திருங்கள். அதுவரை பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாவது சகஜம், பதறி மறுபடி தோண்டிப் பார்க்காதீர்கள். இலைக்காம்புகள் அடியில் கறுத்துக் கூழாகி, லேசாக இழுத்தாலே கையோடு வந்தால் மட்டும் அந்தப் பீஸ் லில்லியை விட்டுவிடுங்கள்.

எடுத்த மண்ணை வீணாகிறதே என்று துளசித் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள், குப்பைக்குத்தான் போக வேண்டும். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு தாராளமாகப் பயன்படுத்தலாம்.