இப்போ இருக்கிற ஆர்ட்டிஸ்ட்டுங்க சொல்ற உட்டோபியாங்கிறது, அதாவது கொறையே இல்லாத ஒரு உலகம், வெறும் கனவு தானா?

கேட்டது நல்ல கேள்விங்க. தாமஸ் மோர்ங்கிற இங்கிலாந்து எழுத்தாளர் 1516ல அந்த வார்த்தைய உண்டாக்கும்போதே கிரேக்கத்துல 'இல்லாத இடம்'னு தான் அர்த்தம் வெச்சாரு, அதனால கனவுன்னு நீங்க நெனைக்கிறது தப்பில்ல. ஆனா சில பேரு அத நிஜ மண்ணுலயே செஞ்சு பாத்திருக்காங்க.

எனக்குப் புடிச்சது ஜோசஃப் பாய்ஸ்ங்கிற ஜெர்மன் ஆர்ட்டிஸ்ட் பண்ணது. 1982ல ஜெர்மனி காசல் ஊர்ல, டாக்குமெண்டாங்கிற பெரிய கலைக் கண்காட்சி அப்போ, மியூசியம் வாசல்ல 7000 கருங்கல்லக் குவிச்சு வெச்சுட்டாரு. ஒரு மரம் நட்டா தான் ஒரு கல்ல எடுத்து அது பக்கத்துல ஊனலாம், அதாவது குவியல் கொறையக் கொறைய ஊருக்குள்ள மரம் கூடும். ஆள் 1986லயே இறந்து போயிட்டாரு, கடைசி மரத்த 1987ல அவர் பையன் தான் நட்டாரு. கல்லு அப்படியே நிக்கும், மரம் மட்டும் வளந்து அதத் தாண்டிப் போகும், அது தான் அழகே.

நான் கோத்தகிரிக்காரன், இங்க வெள்ளைக்காரன் விறகுக்குன்னு கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில் மரம்) கொண்டாந்து புல்வெளி பூரா ரொப்பிட்டுப் போனான், அவனுக்கு அதுவும் ஒரு உட்டோபியா தான் போல! எங்க வீட்டுப் பின்னாடி சீகைய வெட்டிட்டு ஒரு நாவக் கன்னு வெச்சேன், மூணு வருஷமாச்சு, இன்னும் என் முட்டி ஒசரம் தான் இருக்கு, இந்த மலையோட சோலைக்காட்டு மரம் அவ்ளோ மெதுவா வளரும். பாய்ஸ் எதுக்கு மரத்தப் புடிச்சாருன்னு அதப் பாத்தப்புறம் தான் எனக்கே புரிஞ்சுது, நட்டவன் இருந்து பாக்க மாட்டான்னு தெரிஞ்சே செய்யிற வேல அது.