வீபுரி மாகாணத்தில் பிறந்த கொள்ளுப்பாட்டி: பதிவை எங்கே தேடுவது?

கேள்வி: என் மருமகள் பின்லாந்துக்காரப் பெண். அவள் கொள்ளுப்பாட்டி 1912-இல் பிறந்தவர். பிறந்த இடம் ‘யாஸ்கி, வீபுரி லானி’ என்று பழைய தாளில் இருக்கிறது. வரைபடத்தில் அந்த மாகாணமே இல்லை. அவருடைய பெற்றோர் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மாகாணத்தைத் தேடாதீர்கள். யாஸ்கியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

‘லானி’ என்றால் மாகாணம். 1721-லும் 1743-லும் ஸ்வீடன் ரஷ்யாவிடம் இழந்த நிலங்களை 1812-இல் ஜார் முதலாம் அலெக்சாந்தர் தன் ஆட்சியின் கீழ் இருந்த பின்லாந்துப் பெருங்கோமகத்தோடு சேர்த்தார். அதுதான் வீபுரி மாகாணம். ஆகவே கொள்ளுப்பாட்டி பிறந்தபோது ஆட்சி செய்தவர் ரஷ்ய ஜார் என்றாலும், ஊர் பின்லாந்தில்தான் இருந்தது. 1940-லும் 1944-லும் பின்லாந்து போரில் தோற்றதால், வீபுரி நகரத்தோடு மாகாணத்தின் பெரும்பகுதி சோவியத் கைக்குப் போனது. கரேலியா என்ற அந்தப் பகுதியின் மக்கள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். மிச்சமிருந்த துண்டு 1945-இல் கியூமி மாகாணமானது. 1997-இல் அது தென் பின்லாந்து மாகாணத்தில் கரைந்தது. 2009-ஆம் ஆண்டு முடிவோடு மாகாண முறையே போய்விட்டது.

சரி, பதிவுக்கு வருவோம். அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிந்து வைத்தது பெரும்பாலும் லுத்தரன் தேவாலயப் பங்கு, அதாவது அந்த வட்டாரச் சபை. யாஸ்கி என்பது அப்படியொரு பங்கின் பெயரும்தான். மக்களோடு பதிவேடுகளும் பின்லாந்துக்கு வந்து சேர்ந்தன. கைவிடப்பட்ட கரேலியாவின் பங்குப் பதிவேடுகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் மிக்கேலி கிளையைக் கேளுங்கள். அதற்கு முன், ‘கத்திஹா’ என்ற கரேலியத் தரவுத்தளத்தில் பங்கு, பெயர், பிறந்த ஆண்டு கொடுத்துத் தேடிப் பாருங்கள்.

இன்னும் முந்தைய தலைமுறைக்குப் போனால் ஏடு ஸ்வீடிஷ் மொழியில் இருக்கும். யாஸ்கி அங்கே ‘யெஸ்கிஸ்’.

பிறப்புப் பதிவு கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். ‘ரிப்பிகிர்யா’ என்ற நற்கருணை ஏட்டையும் கேளுங்கள். அதில் ஊர், வீடு வாரியாக அப்பா, அம்மா, பிள்ளைகள், வேலையாட்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். யாருக்கு வாசிக்கத் தெரியும் என்பதற்குக்கூடப் போதகர் சின்னக் குறி போட்டிருப்பார். எனக்கு இந்த ஏடுகள்மீது தனிப் பிரியம்.

கிராமத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். யாஸ்கியின் பெரும்பகுதி இன்று ரஷ்யாவில் இருக்கிறது; யாஸ்கி ஊரின் பெயர் அங்கே லெசோகோர்ஸ்கி. பின்லாந்துப் பக்கம் தங்கிய கிராமங்கள் சில 1948-இல் உருவான இமாத்ராவில் சேர்ந்தன. கொள்ளுப்பாட்டியின் வீடு எல்லையின் எந்தப் பக்கம் என்பதைக் கிராமப் பெயர்தான் சொல்லும்.