இன்ஹேலரை ஏன் நிறுத்தினீர்கள்?

வடபழனி நூறடி ரோட்டை ஒட்டி முதல் மாடியில் வீடு, ஏழு வயதுப் பையனுக்கு ராத்திரி ஆனால் இருமல், நெஞ்சில் விசில் சத்தம். இத்தனையும் எழுதிவிட்டுக் கடைசி வரியில்தான் கேட்கிறீர்கள், இந்தப் புகையால் அவனுக்கு கேன்சர் வந்துவிடுமா என்று. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் அறிவித்தது உண்மைதான். ஆனால் அது பல வருடம் புகையிலேயே வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து வந்த முடிவு. உங்கள் பையன் இருமுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூக்குச் சளி கறுப்பாக வருவதையும் விடுங்கள், தூசியைப் பிடித்து நிறுத்துவதுதான் மூக்கின் வேலை.

எனக்குப் பயம் வேறு இடத்தில். ஆஸ்துமா என்று டாக்டர் கொடுத்த இரண்டு இன்ஹேலரையும், பழகிவிடும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டு, மருந்துக்கடையில் இருமல் டானிக் வாங்கிக் கொடுக்கிறீர்கள். அம்மா, இன்ஹேலர் பழகாது. டானிக் இருமலை அமுக்கும், மூச்சுக்குழாயில் வீக்கம் அப்படியே இருக்கும், அந்த வீக்கத்தின் மேல்தான் தினமும் ரோட்டுப் புகை போய்ப் படிகிறது. லண்டனில் பெரிய சாலையோரம் குடியிருந்த எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013-ல் கடும் ஆஸ்துமாவில் இறந்தாள்; காற்று மாசும் அவள் சாவுக்கு ஒரு காரணம் என்று 2020-ல் மரண விசாரணையில் பதிவானது. புகையும் ஆஸ்துமாவும் சேர்ந்தால் அலட்சியம் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்று ராத்திரி இருமும்போது விளக்கைப் போட்டு, சட்டையைக் கழற்றிப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவிலும் தொண்டைக்குழியிலும் தோல் உள்ளே இழுக்கிறதா? ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறானா? இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவசரத்துக்குக் கொடுத்த இன்ஹேலரை ஸ்பேசரில், அதாவது இன்ஹேலரை மாட்டி மருந்தை இழுக்க வைக்கும் பிளாஸ்டிக் குழாயில், வைத்துக் கொடுத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். இதைவிட முக்கியம், மூச்சுத் திணறலில் இருக்கும் பிள்ளை சோர்ந்து போய், விசில் சத்தமும் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கொசுவர்த்தி ஏற்றுகிறீர்களே! ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வருகிறது என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். இன்றோடு நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டுங்கள். பையனை ரோட்டுப் பக்கம் இல்லாத பின்னறையில் படுக்க வையுங்கள். வீட்டை விற்க வேண்டியதில்லை. எப்போதாவது மாறினால் ரோட்டிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள், அதுவே நல்ல வித்தியாசம் தரும்.

நாளைக்கே அதே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இன்ஹேலரை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள், ஸ்பேசர் வைத்து அவர் முன்னாலேயே பையனுக்கு ஒரு தரம் கொடுத்துக் காட்டுங்கள்.