ஃபில்லர், நூல் எல்லாம் போட்டாச்சு, இனி ஃபேஸ்லிஃப்ட் பண்ணலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 56 வயசு. நாலு வருஷமா கன்னத்துல ஃபில்லர் (சதையை நிரப்பிக் காட்டற ஊசி) போட்டுக்கறேன், ரெண்டு வருஷம் முன்னாடி த்ரெட் லிஃப்ட்டும் (தோலுக்கடியில நூல் விட்டு தூக்கறது) பண்ணேன், இப்ப தாடை ஓரம் மறுபடி தொங்குது. முகத்தை தூக்கி தைக்கற ஃபேஸ்லிஃப்ட் ஆபரேஷன் பண்ணா பழசெல்லாம் தொந்தரவு குடுக்குமா? - வாசகி, திருச்சி

பதில்: பண்ணலாம்மா, ஆனா பழசை மறைக்காம சொல்லணும். எந்த ஃபில்லர், எந்த இடம், எப்ப போட்டதுன்னு பழைய பில் இருந்தா கூட தேடி எடுத்துட்டு போங்க. ஹயலூரானிக் ஆசிட் ஃபில்லர்னா ஹயலூரானிடேஸ்னு ஒரு ஊசி போட்டு கரைச்சிடலாம், கரைச்சு வீக்கம் வடிஞ்சப்புறம்தான் நிஜமா எவ்ளோ தொங்குதுன்னே தெரியும். பாலி லாக்டிக் ஆசிட் மாதிரி வேற வகை ஃபில்லர்னா அப்படி கரைக்க முடியாது.

நூல் விஷயம்தான் கொஞ்சம் இழுவை. பிடிஓங்கற வகை நூல் பொதுவா ஆறேழு மாசத்துல கரைஞ்சிரும், ஆனா அது இருந்த இடத்துல தழும்புத் திசு நார் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கலாம், ஃபேஸ்லிஃப்ட்ல தோலை பிரிச்சு அடியில இருக்கற ஸ்மாஸ்ங்கற படலத்தை இழுத்து தைப்பாங்க, முக நரம்பு அதுக்கு கீழதான் ஓடுது, அதனால ஒட்டிக்கிட்டு இருந்தா மெதுவா பாத்து பிரிக்கணும், நேரம் கூட ஆகும். முடியாத காரியம்லாம் இல்ல. முன்னாடி நூல் போட்ட முகத்துல ஆபரேஷன் பண்ண அனுபவம் இருக்கான்னு சர்ஜன்கிட்ட கூச்சப்படாம கேளுங்க, பணம் குடுக்கறது நீங்கதானே!

சுகர், பிரஷர், ஆஸ்பிரின் மாத்திரை இருந்தா அதையும் சொல்லிடுங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. கல்யாணம், காட்சின்னு ஏதாவது வருதுன்னா புதுசா ஃபில்லர் போட்டுக்காம முதல்ல சர்ஜனைப் பாருங்க.