சாரணர் குழுவில் ஆண்டு முழுக்கக் குழந்தைகள் என்ன செய்வார்கள்?

முகாம் மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, முகாம் சில நாள்தான்; வாராந்தரக் கூட்டங்கள்தான் உயிர்.

அங்கே முதலில் கற்பவை உறுதிமொழி, சாரணர் வணக்கமான இடக்கைக் குலுக்கல், அப்புறம் கயிற்று முடிச்சுகள். இரண்டு கயிறுகளை இணைக்கும்போது முதலில் வலதின் மேல் இடது, பிறகு இடதின் மேல் வலது வர வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் நழுவும். பலமுறை தவறிய பிள்ளை, முடிச்சு இறுகி நின்றதும் இழுத்து இழுத்துப் பார்க்கும். எனக்கு மிகப் பிடித்த காட்சி அது.

பிப்ரவரி 22, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் பிறந்தநாள், நிறுவனர் நாளாகக் கொண்டாடப்படும். அக்டோபரில் வானொலி, இணையம் வழியே பிற நாட்டுச் சாரணர்களோடு பேசலாம். நடுவே நடைப்பயணம், முதலுதவி, சேவைப் பணிகள்.

முகாமில், 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடந்த முகாமில் பேடன் பவல் செய்ததுபோலவே சிறு அணிகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவரே தலைவர். கூடாரத்தைப் பெரியவர்கள் அடித்துக் கொடுக்கக் கூடாது.