வீடு விற்க முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

திருகோணமலை மனையாவெளியில் கடலுக்குக் கிட்ட வீடு. முன்சுவரில் பெயின்ற் பொருக்குப் பொருக்காக உரிகிறது. விற்கத்தானே போகிறோம், மேலால் ஒரு பூச்சுப் போட்டால் போதாதா?

போதாது. பெயின்றில் பிழை இல்லை. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஈரம் காய, உப்பு வெளியே பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். உரிந்த இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளை மா மாதிரி ஒட்டும். அதற்கு மேல் பூசினால் மறுபடி கொப்புளிக்கும்.

முதலில் ஈரம் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். கூரைப் பீலி ஒழுகுகிறதா, சுவரோடு பூச்சாடி வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று பாருங்கள். அப்புறம் பூச்சைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிறஷால் தட்டி எடுத்து, உதிரும் சாந்தைக் கொத்திப் புதிதாகப் பூசுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ற்.

சிலாப்பின் அடியில் கொங்கிரீட் வெடித்திருந்தால் இன்னும் கவனம். கறல் பிடித்த கம்பி பருத்துத்தான் அதை வெடிக்க வைக்கிறது. சீமெந்து அப்பி மறைக்காதீர்கள். வீடு பார்க்க வருகிறவர் பெரும்பாலும் ஒரு மேசனோடுதான் வருவார். உவர்மலையில் ஒரு வீட்டில் நான் நின்றபோது மேசன் புதுப் பூச்சை மடக்கிய விரலால் தட்டினார். ‘டொக் டொக்’ என்று பொள்ளல் சத்தம். வந்தவர் அதற்குப் பிறகு விலையே கேட்கவில்லை. அந்த வீட்டுக்கார அம்மாவின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அம்மாவின் அலுமாரிகள், பழைய கதிரைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமா?

எல்லாவற்றையும் வேண்டாம். விறாந்தையும் குசினியும் தாராளமாகத் தெரிந்தால் சரி.

எந்த மாதத்தில் காட்டுவது நல்லது?

ஐப்பசியிலிருந்து தை வரை நமக்கு மாரி, ஒழுக்கெல்லாம் வெளியே வரும். அந்த நாட்களில் நீங்களே சுற்றிப் பார்த்துக் குறித்து வையுங்கள். காட்டுவதைச் சித்திரைக்குப் பிறகு வையுங்கள். கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசும் நாட்களில் காலையிலேயே வரச் சொல்லுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் வெளிநாட்டு உறவுகள் விடுமுறைக்கு வருவார்கள். ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குக் காணி எழுத 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாக இடம் தராது. இரட்டைக் குடியுரிமை இருக்கிறதா என்று முற்பணம் வாங்க முதலே கேளுங்கள்.

கன்னியாப் பக்கம் அப்பாவுக்கு அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. வீடு திருத்திவிட்டேன், விற்கலாமா?

திருத்த முதல் கேட்டிருக்கலாமே என்று மனம் கனக்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணியை உறுதிக் காணி மாதிரி நினைத்தபடி விற்க முடியாது. முதலில் பிரதேச செயலகத்தில் போய்க் கதையுங்கள். உறுதிக் காணி என்றாலும் தோம்பு (காணிப் பதிவேட்டின் பிரதி), நில அளவைப் படம், சோலை வரி (உள்ளூராட்சி சபை அறவிடும் வீட்டு வரி) ரசீது மூன்றையும் ஒரு கோவையில் போட்டு மேசையில் வையுங்கள். முத்திரை வரி வழக்கமாக வாங்குகிறவர் பொறுப்பு: பெறுமதியில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்.

முன்வளவில் பூங்கன்று வைக்கலாமா?

கேற்றைச் சாத்தி வைக்க முடியுமென்றால் வையுங்கள். கோட்டைப் பக்கத்து மான்கள் நகருக்குள் திரிகிறவை, ஒரு இரவில் குருத்தெல்லாம் தின்றுவிடும். அந்தக் காசில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குங்கள். வருகிறவருக்கு ஒரு வாளி அள்ளி, குடித்துப் பார்க்கக் கொடுங்கள்.